ஐம்பதுக்கு மேல் வரும் நீர்க்கடுப்பு

பிரசவத்துக்கு ஒரு பெண் வந்தால் துணைக்கு நாலு பேர் வருவார்கள். அதே பெண் ஐம்பத்தைந்து வயதில் நீர்க்கடுப்போடு வரும்போது பெரும்பாலும் தனியாகத்தான் வருகிறாள். கடலூரிலும் சிதம்பரத்திலுமாக மகளிர் மருத்துவராக நான் வேலை பார்த்த காலம் முழுவதும் இது மாறவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதலில் முழங்கால் வலியைச் சொல்வார்கள். பிறகு தூக்கமில்லை என்பார்கள். எழுந்து போகிற நேரத்தில், கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே, "இன்னொன்னு டாக்டரம்மா, ஒன்னுக்குப் போனா காந்துது. ராத்திரியில ஏழெட்டு தடவை எந்திரிக்கிறேன்" என்பார்கள். அவர்கள் வந்ததே அதற்காகத்தான்.

எத்தனை நாளாக என்று கேட்டால் வருகிற பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "அது ஆச்சும்மா ரெண்டு மூணு வருஷம். மாத்திரை போட்டா நிக்கும், விட்டா வரும்." ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று மருத்துவத்தில் வகைப்படுத்துகிறோம். நான் பார்த்த பெண்களில் பலர் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டியவர்கள். அவர்களைக் கவனித்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பை நிறைய மாத்திரை அட்டைகள்

கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் விற்கும் ஓர் அம்மா, இதுவரை என்னென்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டதும், கையிலிருந்த துணிப்பையை மேசையில் கவிழ்த்தார். நார்ஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின், செஃபிக்சைம் என்று வகைவகையான அட்டைகள். எல்லாமே கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தவை. ஒன்றில் இரண்டு மாத்திரை, இன்னொன்றில் மூன்று. கூடவே பாதி தீர்ந்த சிரப் புட்டி. முழு வேளைக் கணக்கும் இருந்த அட்டை ஒன்றுகூட இல்லை. "ரெண்டு போட்டதுமே எரிச்சல் நின்னுடும். அப்புறம் எதுக்குன்னு விட்டுடுவேன்" என்றார். அவர் எந்த மருத்துவரின் சீட்டையும் காட்டவில்லை. பல முறை கடையில் சொல்லியே வாங்கியிருக்கிறார்.

சிறுநீர்த் தொற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஈ.கோலை என்ற கிருமியால் வருகிறது. அது நம் குடலிலேயே குடியிருப்பது. ஆசனவாயிலிருந்து பெண்ணுறுப்பின் வாயில், அங்கிருந்து சிறுநீர்த் துவாரம், அங்கிருந்து சிறுநீர்ப்பை என்று ஏறிப் போகிறது. பெண்ணுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் நாலு சென்டிமீட்டர்தான் என்பதால் கிருமிக்கு அது பெரிய தூரமில்லை. ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டு உள்ளே போனதும் சிறுநீரில் கிருமிகள் குறையும், எரிச்சல் அடங்கும். ஆனால் குடலில் இருக்கும் அதே இனத்தில் மருந்துக்கு அசையாதவை பிழைத்துப் பெருகும். அடுத்த முறை ஏறி வருவது அவைதான்.

இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளில் எடுத்த கணக்குகளில் ஈ.கோலை கிருமிகளில் பாதிக்கும் மேற்பட்டவை சிப்ரோஃப்ளாக்ஸசினுக்குக் கட்டுப்படுவதில்லை. 2010-ல் என்.டி.எம்-1 என்ற மரபணுவைப் பற்றி லான்செட் இதழ்க் குழுமத்தில் கட்டுரை வந்தபோது, அதில் சென்னையில் சேகரித்த கிருமிகளும் இருந்தன. மிக உயர்ந்த ஆன்டிபயாடிக்குகளையே செயலிழக்கச் செய்யும் மரபணு அது. 2012-ல் மருத்துவ அமைப்புகள் கூடி, இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்கச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் 1 முதல் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சைம் போன்ற மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்கும்போது நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அதன் விதி. அந்த விதி நம் தெருமுனைக் கடை வரை ஒழுங்காக வந்து சேர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். வெட்டிக் கொடுத்த அட்டைகள் அந்த அம்மாவுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. அவர் உடம்புக்குள்ளேயே மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிட்டன.

கல்ச்சர் இல்லாமல் முடிவு இல்லை

திரும்பத் திரும்ப வரும் கடுப்புக்கு நான் முதலில் எழுதுவது மாத்திரை அல்ல, யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. மாத்திரை போடுவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி வளரவில்லை என்றுதான் வரும், நோயே இல்லை என்று குழம்பிப் போவோம்.

சிறுநீர் பிடிப்பதிலும் முறை இருக்கிறது. முன்புறமிருந்து பின்புறமாகத் தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் கொடுத்த மூடி போட்ட டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டிலிருக்கும் மருந்துப் புட்டியைக் கழுவி அதில் கொண்டுவருவார்கள், அது கூடாது. பிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், முடியாவிட்டால் குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். காட்டுமன்னார்கோயிலிலிருந்து வெயிலில் பஸ் ஏறிச் சிதம்பரம் வரும் டப்பாவில் வழிநெடுகக் கிருமி பெருகிக்கொண்டே வரும். அதனால் சிறுநீரை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம், லேபுக்கு வந்து அங்கேயே கொடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன்.

முடிவு வர இரண்டு நாள் ஆகும். கிருமி வளர்க்கும் மக்கான்கி தட்டில் ஈ.கோலை இளஞ்சிவப்பாக வளர்ந்து நிற்கும். ஒரு மில்லியில் ஒரு லட்சம் கிருமி இருந்தால்தான் தொற்று என்ற எல்லையை 1956-ல் எட்வர்ட் காஸ் வகுத்தார். இன்றும் பல லேப் முடிவுகள் அந்த எண்ணை வைத்தே எழுதப்படுகின்றன. எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு அதைவிட மிகக் குறைவான எண்ணிக்கையே தொற்றாக இருக்கலாம் என்று 1982-ல் வால்டர் ஸ்டாம் குழுவினர் காட்டினார்கள். ஆகவே எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக, துடித்துக்கொண்டு வந்தவரை ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு, வேறு எதற்கோ எடுத்த பரிசோதனையில் கிருமி தெரிந்தால் அதற்கு மருந்து வேண்டாம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களும் மட்டுமே இதற்கு விலக்கு. வயதான பெண்களில் கணிசமானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி இருந்துகொண்டே இருக்கும், அவர்களை அது ஒன்றும் செய்யாது. ரிப்போர்ட்டுக்கு மருந்து கொடுப்பதை நாம் நிறுத்தினாலே இந்த மாவட்டத்தில் ஆன்டிபயாடிக் செலவு நன்றாகக் குறையும்.

தீட்டு நின்று எவ்வளவு நாளாச்சு?

நீர்க்கடுப்புக்கு வந்த பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் வியப்போடு பார்ப்பார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. தீட்டு நின்ற வருடத்தையும் எரிச்சல் தொடங்கிய வருடத்தையும் சொல்லச் சொன்னால், இடையில் பெரும்பாலும் சில ஆண்டுகள்தான் இருக்கும்.

மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. நம் நாட்டில் 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கும் மறுநாளே அந்த நிலை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்தால் வியர்த்துக் கொட்டும், தூக்கம் கெடும், எலும்பு தேயும் என்பது இப்போது பலருக்கும் தெரிகிறது. சிறுநீர்ப் பாதைக்கு அது செய்வது தெரியவில்லை.

பெண்ணுறுப்பும் சிறுநீர்க் குழாயும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் ஈஸ்ட்ரோஜனால் போஷிக்கப்படும் இடங்கள். அந்த ஹார்மோன் இருக்கும்வரை பெண்ணுறுப்பின் உட்தோல் தடிப்பாக இருக்கும், அதில் கிளைகோஜன் என்ற சத்து இருக்கும். அந்தச் சத்தை உண்டு லாக்டோபேசிலஸ் என்ற நல்ல கிருமிகள் வாழ்ந்து புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்பில் ஈ.கோலை தங்க முடியாது. ஹார்மோன் வற்றியதும் தோல் மெலிந்து வறள்கிறது, நல்ல கிருமிகள் போய்விடுகின்றன, புளிப்பு குறைகிறது, குடல் கிருமி அங்கேயே குடியேறுகிறது. எத்தனை ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் இந்த வறட்சி மாறாது. அதனால்தான் விட்டதும் வருகிறது. போதாக்குறைக்கு ஆன்டிபயாடிக்குகள் மிச்சமிருக்கும் நல்ல கிருமிகளையும் கொல்கின்றன.

இதற்கு மருந்து உண்டு, புதிதும் அல்ல. 1993-ல் ராவுல் ராஸும் வால்டர் ஸ்டாமும், மாதவிலக்கு நின்ற 93 பெண்களிடம் செய்த ஆய்வை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பெண்ணுறுப்பில் எஸ்ட்ரியால் க்ரீம் தடவியவர்களுக்கு வருடத்துக்கு சராசரி 0.5 முறை தொற்று வந்தது. வெறும் க்ரீம் தடவியவர்களுக்கு 5.9 முறை. 2019-ல் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதலும், இந்தப் பெண்களுக்கு உள்ளிடத்தில் வைக்கும் ஈஸ்ட்ரோஜனைப் பரிந்துரைத்தது. முப்பது ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த இந்தச் செய்தி, இன்னும் கிராமத்துப் பெண்ணின் மருந்துச் சீட்டுக்கு வந்து சேரவில்லை என்பது என் ஆறாத வருத்தம்.

எழுதிக் கொடுப்பதோடு இந்த வேலை முடிவதில்லை. புவனகிரிப் பக்கத்து அம்மா ஒருவர், கணவர் இறந்து பல வருடமானவர், க்ரீமை எங்கே வைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் சீட்டைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டார். "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்? கடைக்காரன் என்ன நெனப்பான்?" என்றார். கண்ணில் நீர் கோத்துவிட்டது. நர்ஸ் அக்காவைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசினேன். "அம்மா, பாதத்துல வெடிப்பு வந்தா மருந்து தடவிக்க மாட்டீங்களா? இதுவும் அது மாதிரி வறண்டு போன தோல்தான். புருஷனுக்காகத் தடவுறது இல்ல இது. நீங்க ராத்திரி தூங்கறதுக்காக" என்றேன். க்ரீமை நர்ஸ் அக்காவே வாங்கிவந்து கொடுத்தார். அன்றிலிருந்து அந்த க்ரீமைக் கிளினிக்கிலேயே கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டோம்.

முறை எளிதுதான். முதல் இரண்டு வாரம் தினமும் படுக்கப் போகும்போது, பிறகு வாரத்தில் இரண்டு நாள். அளவுகுழலில் மருத்துவர் சொன்ன அளவுக்கு எடுத்து உள்ளே வைக்க வேண்டும். குழல் வைக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு விரல் நுனியில் எடுத்துத் தடவக் கற்றுக்கொடுப்போம். ஒரு வாரத்தில் எரிச்சல் போகாது. தோல் தேறவும் நல்ல கிருமிகள் திரும்பவும் இரண்டு மூன்று மாதம் ஆகும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் பாதிப் பேர் பத்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள். நன்றாகிவிட்டது என்று நிறுத்தினாலும் வறட்சி திரும்பி வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஹார்மோன் என்றால் கேன்சர் வருமா என்று படித்த மகள்கள் கேட்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2002 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் சற்றுக் கூடியதால் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். அது வாய்வழி மாத்திரை. உள்ளிடத்தில் வைக்கும் குறைந்த அளவு க்ரீமிலிருந்து ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். ஆனாலும் இரண்டு பேரிடம் நான் அவசரப்படுவதில்லை. தீட்டு நின்ற பிறகு ரத்தம் பட்டிருந்தால் முதலில் அதற்குப் பரிசோதனை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர் என்றால், அந்த மருத்துவரிடம் கேட்ட பிறகே க்ரீம்.

நீண்ட நாள் ஆன்டிபயாடிக்: தொடங்கும்போதே முடிவு நாள்

க்ரீம், தண்ணீர், சர்க்கரைக் கட்டுப்பாடு எல்லாம் சரியாக நடந்தும் சிலருக்குத் தொற்று ஓயாது. அவர்களுக்குத் தினமும் இரவு ஒரு சிறு அளவு ஆன்டிபயாடிக் கொடுப்பது உலகம் முழுவதும் உள்ள முறை. 50 அல்லது 100 மில்லிகிராம் நைட்ரோஃப்யூரன்டாயின், இல்லையென்றால் குறைந்த அளவு கோட்ரைமாக்சசோல். இது கண்ணை மூடிக்கொண்டு பயப்படவும் வேண்டாத, கண்ணை மூடிக்கொண்டு தொடரவும் கூடாத சிகிச்சை.

நைட்ரோஃப்யூரன்டாயின் 1950-களிலிருந்து இருக்கும் பழைய மருந்து. சிறுநீரில் போய்ச் சேர்ந்து அங்கே வேலை செய்வதால் குடல் கிருமிகளை அதிகம் கலைப்பதில்லை. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நம் ஊர் ஈ.கோலை பெரும்பாலும் இதற்குக் கட்டுப்படுகிறது. சாப்பாட்டோடு போட வேண்டும். சிறுநீர் பழுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது பயன் தராது, கெடுதலும் செய்யும். அதனால் கிரியாட்டினின் பார்க்காமல் தொடங்க மாட்டேன். மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு நுரையீரலும் ஈரலும் பாதிக்கும், கால் நரம்புகள் மரத்துப் போகும். சர்க்கரையால் ஏற்கெனவே பாதம் மரத்தவருக்கு இதைத் தவிர்ப்பேன்.

கிள்ளைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் அம்மா, நாலைந்து மாதமாக எரிச்சலே இல்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னார். பேச்சுக்கு நடுவே வறட்டு இருமல் விட்டுவிட்டு வந்தது. மார்கழிப் பனி என்றார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டதற்கு, கொஞ்ச நாளாக வாங்குகிறது என்றார். அன்றே மாத்திரையை நிறுத்தி நெஞ்சு மருத்துவரிடம் அனுப்பினேன். சில வாரங்களில் இருமல் அடங்கியது. நீண்ட நாள் மருந்து சாப்பிடும் ஒவ்வொருவரிடமும் இருமல், மூச்சிரைப்பு, கால் மரத்தல், கண் மஞ்சளாதல் ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பது எங்கள் கிளினிக்கில் எழுதி ஒட்டியிருந்த விதி.

கோட்ரைமாக்சசோலுக்கும் கவனம் வேண்டும். பிரஷருக்கு டெல்மிசார்ட்டான், எனலாபிரில் சாப்பிடும் வயதானவர்களுக்கு அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆகவே வீட்டில் என்னென்ன மாத்திரை இருக்கிறதோ அத்தனையையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எரிச்சலுக்குக் கடையில் கொடுக்கும் சிரப், சிறுநீரின் புளிப்பை மாற்றிக் காரமாக்குகிறது. ஓரிரு நாள் சுகம் தரும். ஆனால் நைட்ரோஃப்யூரன்டாயின் நன்றாக வேலை செய்வது புளிப்பான சிறுநீரில்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். மெத்தனமின் என்ற மருந்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அது ஆன்டிபயாடிக் அல்ல. புளிப்பான சிறுநீரில் ஃபார்மால்டிஹைடாக மாறிக் கிருமியைக் கொல்கிறது, கிருமிக்கு அதை எதிர்க்கப் பழக்கமும் வருவதில்லை. 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆல்டர் ஆய்வில் 240 பெண்களை ஒரு வருடம் கவனித்ததில், தினசரி ஆன்டிபயாடிக்குக்கு அது ஏறக்குறைய ஈடாகவே நின்றது. நம் பக்கத்துக் கடைகளில் சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமம் தகும்.

தொடங்கும் நாளிலேயே முடிவு நாளையும் சீட்டில் எழுதிவிட வேண்டும். நான் பெரும்பாலும் மூன்று மாதம் எழுதுவேன், தேவையானால் ஆறு மாதம். மருந்து சாப்பிடும்வரை தொற்று குறையும், நிறுத்திய பிறகு பலருக்குப் பழைய நிலை திரும்பலாம் என்பதை மறைக்காமல் சொல்வேன். அந்த மாதங்கள் க்ரீம் வேலை செய்யவும், வீங்கிச் சலித்த சிறுநீர்ப்பை ஆறவும் கிடைக்கும் அவகாசம். அவகாசத்தை அப்படிப் பயன்படுத்திக்கொண்டவர்கள் நிறுத்திய பிறகும் நன்றாக இருந்தார்கள். மாத்திரையை மட்டும் நம்பியவர்களுக்கு மறுபடியும் வந்தது.

எரிவதெல்லாம் கிருமி அல்ல

கல்ச்சரில் இரண்டு மூன்று முறை ஒன்றும் வளரவில்லை, எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும். சிறுநீரில் சீழணுக்கள் நிறைய, கிருமி மட்டும் வளரவில்லை என்றால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். சிறுநீரகத்தில் தொடங்கிச் சிறுநீர்ப்பையைச் சுருக்கிவிடும் நோய் அது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு, அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். நிறையும்போது வலித்து, கழித்ததும் வலி குறைந்தால் அது சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்கலாம். 1915-ல் கய் ஹன்னர் விவரித்த புண்கள் சிலருக்கு அங்கே இருக்கும். ஆன்டிபயாடிக் அதற்குப் பயன்படாது.

ஸ்கேன் எடுக்கும்போது சிறுநீர் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று எழுதச் சொல்வேன். பல பிரசவம் கண்ட பெண்களுக்கு அடி இறங்கியிருக்கும். முழுக்கக் கழிய முடியாமல் தேங்கும் நீரில் கிருமி தங்கும். அதற்கு வளையமோ அறுவையோதான் தீர்வு. சர்க்கரை நோயாளிகளுக்குப் பெண்ணுறுப்பில் பூஞ்சை வந்து எரிவதும் நீர்க்கடுப்பு என்றே சொல்லப்படுகிறது. சில ஆண்டுகளாகப் பரவலாகிவிட்ட டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரை, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் அந்தப் பூஞ்சையைக் கூட்டுகிறது. பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பார்க்காமல் எழுதினால் மறுபடியும் சிப்ரோஃப்ளாக்ஸசின்தான். வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இப்படிப்பட்டவர்களை அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவோம். 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது, இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. நான் படித்ததும் அங்கேதான்.

தண்ணீரும் கழிப்பறையும்

பெண்களிடம் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது எளிது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களில் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு வருடத்தில் 1.7 முறையும், வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. அவர்கள் மாதவிலக்கு நிற்காத பெண்கள். ஆனாலும் பாடம் எல்லோருக்கும் பொருந்தும்.

நம் பெண்களிடம் இதைச் சொன்னால், "குடிச்சா போகணுமே, எங்க போறது?" என்பார்கள். வீராணம் பாசனத்தில் சம்பா நடவுக்குப் போகிறவர்கள் காலையில் ஒரு டம்ளர் டீயோடு போனால் சாயங்காலம்தான் வீடு. பண்ருட்டிப் பக்கம் வீடுகளின் பின்கட்டில் முந்திரி உடைப்பவர்களுக்கும், பஜாரில் துணிக்கடையில் நிற்கும் பெண்களுக்கும், மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போகிறவர்களுக்கும் அதே நிலைதான். ஆனித் திருமஞ்சனமோ மார்கழி தரிசனமோ முடிந்த வாரத்தில் சிதம்பரத்தில் நீர்க்கடுப்பு நோயாளிகள் கூடுவதை நான் கண்டிருக்கிறேன். கூட்டத்தில் மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

தொழிற்சாலையில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வயலுக்கும் வீட்டுப் பின்கட்டு வேலைக்கும் மீன் கூடைக்கும் எந்தச் சட்டமும் இன்னும் கழிப்பறை கட்டித்தரவில்லை. பேருந்து நிலையத்திலும் அங்காடியிலும் சுத்தமான, தண்ணீர் வருகிற, கதவு சாத்துகிற கழிப்பறை ஒன்று இருந்தால், அது நான் எழுதும் எத்தனையோ மாத்திரைகளுக்கு ஈடு.

பாட்டிமார் சொல்லும் மோர், இளநீர், நுங்கு, வாழைத்தண்டுச் சாறு எதையும் நான் தடுத்ததில்லை. அவையெல்லாம் உடம்பில் நீர் சேர்ப்பவை. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி இருந்தால் மட்டும் அவற்றோடு நிற்காதீர்கள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அதற்குப் பொருள்.

இதைப் படிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ அத்தையோ மாமியாரோ இரவில் எத்தனை முறை எழுந்து போகிறார் என்று கவனியுங்கள். பயணம் என்றாலே அவர் பின்வாங்குகிறாரா, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். கடையில் இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். கூடவே போங்கள். மாத்திரைக்கு முன் கல்ச்சர் கேளுங்கள். தீட்டு நின்றவர் என்றால் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பொருந்துமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எழுதினால், எப்போது நிறுத்துவது, எந்தெந்தப் பரிசோதனை எப்போது என்பதையும் எழுதி வாங்குங்கள். ஐம்பது வயதுக்குப் பிறகு நம் பெண்கள் இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் வாழப்போகிறார்கள். அத்தனை ஆண்டும் அவர்கள் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.